அளக்கும் கை

பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்காத குடும்பம் நம் ஊர்களில் அநேகமாய்க் கிடையாது. முழங்கை தொடங்கி நடுவிரல் நுனி மட்டும் உள்ள நீளம் ஒரு முழம் என்பது சம்பிரதாயம். ஆனால் வாங்குகிற அம்மாள் தம் கையை நீட்டிப் போட்டால் ஒரு நீளமும், விற்கிற அம்மாள் விரலைச் சற்றே மடக்கிப் போட்டால் வேறொரு நீளமும் வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். படியில் அரிசி அளப்பதும் இவ்விதமே. படி ஒன்றுதான்; தலை தட்டி அளக்கிற கைக்கும் கோபுரம் வைத்து அளக்கிற கைக்கும் நடுவே ஒரு பிடி அரிசி காணாமற் போய்விடுகிறது. இதனாலெல்லாம் குடி முழுகிவிடுவதில்லை. கொசுறாக நாலு விரற்கடைப் பூ கிடைத்ததும் சண்டை சமாதானத்தில் முடிகிறது.

யந்திரப் பட்டறையில் கொசுறு கிடையாது. அங்கே ஒருவன் கடைகிற தண்டு, அவன் கண்ணால் கண்டிராத வேறொருவன் எங்கோ ஒரு தேசத்தில் கடைந்த துளைக்குள்ளே போய்ப் பொருந்த வேண்டும். இருவரும் பேரம் பேசிக்கொள்ள வழியில்லை. காகிதத்தில் எழுதிய ஓர் எண்தான் அவர்கள் இருவருக்கும் இடையே நடக்கிற கடிதப் போக்குவரத்து. அந்தக் கடிதத்தில் பொய் எழுதியிருந்தால் அது வெளிப்படுவது மூன்றாவது மனிதர் ஒருவருடைய கிணற்றடியில்.

இந்த வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கும் கடிதம். அவருடைய குமாரன் ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் இரண்டு வருஷம் படித்துத் தேறி, பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறான். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பார்க்க அவன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டவனாம். சேர்ந்த மூன்றாவது வாரத்தில், ஒரு தண்டின் அளவு எல்லையைத் தாண்டியிருப்பதைக் கண்டு, கண்டபடியே சீட்டில் எழுதினான். மேலே இருந்தவர் கோபித்துக்கொண்டு, படத்தில் உள்ள அளவை எழுதும்படி சொன்னாராம். மறுநாளிலிருந்து பையன் அப்படியே எழுதி வருகிறான், யாரும் கோபிப்பதில்லை. ஆனால் பையனுக்கு இரவில் சாப்பாடு இறங்கவில்லை. அவன் செய்வது சரியா என்றும், அவனுக்குச் சொந்தத்தில் ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் அம்மையார் கேட்கிறார்.

பின்னதற்குப் பதில் எளிது, கடைசியில் சொல்லுகிறோம். முன்னதற்குப் பதில் சொல்லுமுன், இரண்டு நாளில் அந்தப் பையன் எதைக் கற்றான், எதைக் கற்கவில்லை என்பதைச் சற்று விசாரிக்க வேண்டும்.

அவன் கற்றது கருவியைப் படிக்க. அதற்கு இரண்டு நாள் தாராளம். மைக்ரோமீட்டரின் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகருகிறது. சுழலும் குழலின் விளிம்பில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கூட்டத் தெரிந்தவன் படித்துவிடலாம். இதிலே ஒரு குழி உண்டு. சுழலாத குழலின்மேல் அரை மில்லிமீட்டர்க் கோடு பாதி மறைந்து எட்டிப் பார்க்கும்போது அதைச் சேர்க்க மறந்தால் 12.80 என்பது 12.30 ஆகிவிடும். புதிதாய்ப் பழகுகிறவர்கள் இந்தக் குழியில் விழாமல் இருப்பது அபூர்வம். ஆனால் இது அவ்வளவு ஆபத்தானதன்று. அரை மில்லிமீட்டர்த் தவறு கண்ணுக்கே தெரியும். துண்டைப் பொருத்திப் பார்த்தால் கைக்கும் தெரியும்.

ஆபத்தான தவறு எவ்வளவு சிறியது என்று சொன்னால் வாசகர்கள் வியப்படைவார்கள். கிணற்றடியில் வைக்கும் மோனோபிளாக் பம்பில் 25 மில்லிமீட்டர்த் தண்டு ஒன்றின்மேல் பேரிங் ஏறி உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறுகி உட்கார வேண்டுமானால், தண்டு வழக்கமாய் 25.002 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 25.015-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இரண்டு எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளி 13 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கு. நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் கனமுள்ளது. தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்பார்கள். அந்த ஒரு நூலுக்குள்ளே இந்த இடைவெளி சுமார் 240 தடவை அடங்கிவிடும்!

இவ்வளவு குறுகிய சந்தில் நுழைய நூறில் ஒன்று காட்டும் கருவி உதவாது. எல்லைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பத்தில் ஒரு பங்கையாவது நம்பிக்கையாகக் காட்டுகிற கருவி வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஆகையால் ஆயிரத்தில் ஒன்று காட்டும் மைக்ரோமீட்டரையோ டயல் கருவியையோ பையன் கையில் கொடுக்கிறோம். இப்போதுதான் வேடிக்கை ஆரம்பமாகிறது. கருவி நுட்பமாக ஆக ஆக, அது தண்டை மட்டும் அளப்பதில்லை. தண்டின்மேல் உள்ள எண்ணெயையும், ஓரத்தில் நிற்கும் பிசிறையும், பட்டறையின் வெயிலையும், அளக்கிறவனுடைய சுபாவத்தையும்கூடச் சேர்த்து அளந்துவிடுகிறது.

முதலில் வெப்பம். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிச் சூடு ஏறினால் சுமார் பதினொன்றரை மைக்ரான் நீளும். 25 மில்லிமீட்டர்த் தண்டுக்கு இது அற்பம் என்று தோன்றும். லேத்தில் கடைந்த சூட்டோடு தண்டு 60 டிகிரியிலும், மைக்ரோமீட்டர் பட்டறையின் உஷ்ணமாகிய 35 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். வித்தியாசம் 25 டிகிரி. தண்டு 7 மைக்ரான் பருத்துக் காட்டும். பையன் 25.005 என்று படிக்கிறான். எல்லைக்குள் இருக்கிறது, சந்தோஷமாய் எழுதுகிறான். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தால் 24.998! இரண்டு தடவையும் அவன் சரியாகத்தான் படித்தான். ஆனால் முதல் தடவை அவன் தண்டை அளக்கவில்லை. தண்டின் காய்ச்சலை அளந்தான். இந்தத் தண்டின்மேல் ஏற்றிய பேரிங்கின் துளை கொஞ்சம் பெரிய பக்கமாக அமைந்துவிட்டால் பிடிப்புத் தளர்ந்து, உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றச் சுற்றத் தண்டு தேயும். மாசியில் வாங்கிய பம்பு சித்திரையில் கூச்சலிடும். அந்த மாதத்தில் கிணற்றுப் பாசனக்காரர் படுகிற பாட்டை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

நீளத்தைச் சொன்னால் 20 டிகிரி உஷ்ணத்தில் உள்ள நீளத்தையே சொன்னதாகக் கொள்வது என்று 1931-ம் வருஷத்தில் சர்வதேச அளவைக் கமிட்டி தீர்மானம் செய்தது. 20 டிகிரி என்றால் நமக்கு உதகமண்டலத்துப் பகல்! அப்படியானால் குளிர்சாதன அறை இல்லாத சிறு பட்டறைக்காரர்கள் அளக்கவே கூடாதோ என்று யாரும் பயப்பட வேண்டாம். தண்டும் எஃகு, கருவியும் எஃகு. இரண்டும் ஒரே இரும்புப் பலகையின்மேல் ஒரு மணி நேரம் அருகருகே கிடந்தால் இரண்டும் சேர்ந்தே நீண்டிருக்கும்; எண் சரியாகவே வரும். அலுமினியத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அது எஃகைப் போல் இருமடங்கு நீளும். 100 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டை 35 டிகிரிப் பட்டறையில் எஃகுக் கருவியால் அளந்தால் சுமார் 17 மைக்ரான் அதிகமாய்க் காட்டும். மைக்ரோமீட்டரின் வளைந்த உடலில் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கையின் சூடு எஃகுக்குப் போகாமல் தடுக்க வைத்தது அது. அதைப் பிடித்து அளக்கும்படி எத்தனை பயிற்சிக் கூடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அடுத்தது பலம். திருகு என்பது மகா பலசாலி. தச்சர் பலகையை நெருக்கிப் பிடிக்கும் இடுக்கியும் திருகுதான். மைக்ரோமீட்டரும் அதே ஜாதி. முரட்டுக் கைக்காரன் திருகினால் கருவியின் உடல் வளைந்து கொடுத்து, அவன் விரும்புகிற எண்ணைக் காட்டிவிடும். இதைத் தடுக்கவே அதன் முனையில் ராட்சட் இருக்கிறது. சுமார் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ எடை அழுத்தத்துக்கு மேல் போனால் அது 'டிக் டிக்' என்று நழுவிவிடும். மெல்ல நெருங்கி, இரண்டு மூன்று 'டிக்' கேட்டதும் நிறுத்த வேண்டும். வேகமாகச் சுழற்றிக்கொண்டு வந்து மோதினால் ராட்சட்டும் காப்பாற்றாது. மாஞ்செஸ்டரில் யந்திரங்கள் செய்த ஜோசப் விட்வர்த், 1851-ம் வருஷத்து லண்டன் பொருட்காட்சியில், அங்குலத்தைப் பத்து லட்சம் கூறாக்கிக் காட்டும் அளவை யந்திரம் ஒன்றை வைத்து உலகத்தைத் திகைக்க வைத்தார். அத்தனை நுட்பத்திலும் அவர் கண்ணைவிட ஸ்பரிசத்தையே அதிகம் நம்பினார் என்பது கவனிக்கத்தக்கது. ஸ்பரிசம் புத்தகத்தில் வராது. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டியது அது. வீணை வாத்தியார் விரலைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி.

வெர்னியருக்கும் மைக்ரோமீட்டருக்கும் உள்ள பேதமும் இங்கேதான் விளங்கும். மைக்ரோமீட்டரில் அளக்கப்படும் பொருளும் அளக்கிற திருகும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. வெர்னியரில் அளவுக்கோடு ஓரிடத்திலும், பொருளைப் பிடிக்கும் தாடை அதற்குப் பக்கவாட்டில் வேறோரிடத்திலும் இருக்கின்றன. தாடையின் நுனியில் பிடித்து அழுத்தினால் நகரும் தாடை கொஞ்சம் சாய்ந்துவிடும், எண்ணும் சாய்ந்துவிடும். பொருளும் அளவும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும் என்ற விதியை ஜேனா நகரத்துக் கண்ணாடி நிபுணர் எர்ன்ஸ்ட் ஆபே 1890-ல் எடுத்துச் சொன்னார். வெர்னியரில் பொருளைத் தாடையின் அடியோடு ஒட்டிப் பிடி என்று பழைய மேஸ்திரிகள் சொல்வதும் இதே விதிதான். எண்களை விளக்கெழுத்தில் காட்டுகிற டிஜிட்டல் வெர்னியர் வந்த பிறகும் விதி மாறிவிடவில்லை. அது கூட்டல் வேலையை மிச்சப்படுத்துகிறது; அவ்வளவே. பளிச்சென்று நூறில் ஒரு பங்கு வரை எண் தெரிவதால் அந்தக் கடைசி இலக்கமும் மெய் என்று பையன்கள் நம்பிவிடுகிறார்கள். செய்த கம்பெனியே அதில் நூறில் இரண்டு பங்கு முன்பின் இருக்கலாம் என்றுதான் பெட்டியோடு வரும் காகிதத்தில் அச்சிட்டிருக்கும். காகிதத்தை யார் படிக்கிறார்கள்!

இதையெல்லாம் எப்படிக் கற்பிப்பது? கரும்பலகையில் எழுதிப் போட்டால் பையன்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள், லேத்தின் முன்னால் நின்றதும் மறந்துவிடுவார்கள். தன் கை எவ்வளவு தப்புச் செய்கிறது என்பதை ஒருவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகளில் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 'கேஜ் ஆர் அண்டு ஆர்' என்று அதைக் கூப்பிடுகிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் நம் திண்ணையிலேயே செய்யக்கூடியது. பத்துத் தண்டுகளுக்கு இலக்கம் இட்டுக்கொள்ள வேண்டியது. மூன்று பேர், தனித்தனியே, ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல், பத்தையும் மும்மூன்று முறை அளந்து சீட்டில் எழுத வேண்டியது. ஒவ்வொரு முறையும் தண்டுகளின் வரிசையைக் கலைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பையனுடைய கைக்குப் பதிலாக அவன் ஞாபகசக்தி அளந்துவிடும். மொத்தம் தொண்ணூறு எண்கள். பிறகு எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிப் பார்க்க வேண்டியது.

அந்தச் சுவரைப் பார்ப்பது ஒரு நல்ல பாடம். ஒரே தண்டை ஒரே ஆள் மூன்று முறை அளந்து மூன்று எண் எழுதியிருப்பான். அது அவன் கை இன்னும் நிலைப்படவில்லை என்பதைக் காட்டும். வேறொருவன் மூன்று முறையும் ஒரே எண்ணை எழுதியிருப்பான். ஆனால் மற்ற இருவரையும்விட எப்போதும் நாலு மைக்ரான் குறைவாகவே எழுதியிருப்பான். அவன் கை நிலையானதுதான். அழுத்திப் பிடிக்கிற கை. முதலாமவனுக்கு வேண்டியது அப்பியாசம். இரண்டாமவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆசிரியர் இருவரையும் சேர்த்துக் கோபித்துக்கொள்வார். இருவரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

சரி, மூவரில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தர் வேண்டாமா? அந்த மத்தியஸ்தரை உலகத்துக்கு அளித்தவர் ஸ்வீடன் தேசத்துக்காரர் ஒருவர். கார்ல் எட்வர்ட் யோஹான்ஸன் என்று பெயர். எஸ்கில்ஸ்தூனா நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை. ஜெர்மனியில் ஒபர்ன்டார்ஃப் என்ற ஊரில் இருந்த மௌஸர் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது, ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிச் சோதனைக் கட்டையாகக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தார். அத்தனையையும் தம் ஊரிலும் செய்வதாயிருந்தால் ஆயுள் போதாதே என்று கவலை பிடித்துக்கொண்டது. 1896-ல் ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. தனித்தனி அளவுக்குத் தனித்தனிக் கட்டை எதற்கு? சில கட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்து வேண்டிய அளவைக் கட்டிக்கொள்ளலாமே! கணக்குப் போட்டுப் பார்த்தார். 102 எஃகுக் கட்டைகள் இருந்தால், 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு பங்காக ஏறிக்கொண்டே போகும் இருபதாயிரம் அளவுகளைக் கட்டிவிடலாம் என்று கண்டார். சில்லறைக் காசு வைத்துக்கொண்டு எந்தத் தொகையையும் எண்ணிக் கொடுப்பது போலத்தான்.

யுக்தி சுலபம், செய்வதல்லவா கஷ்டம்? அவர் தம் மனைவியின் தையல் யந்திரத்தை மாற்றியமைத்து, அதைக்கொண்டு வீட்டிலேயே அந்தக் கட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து முடித்தார் என்பது பிரசித்தமான வரலாறு. அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதைச் சரித்திரக்காரர்கள் எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். கட்டைகளின் முகங்கள் எவ்வளவு வழுவழுப்பாய் அமைந்தன என்றால், சுத்தமாய்த் துடைத்து ஒன்றின்மேல் ஒன்றை வழுக்கி ஒட்டினால் பசையில்லாமலே பிடித்துக்கொள்ளும். 1923-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு யோஹான்ஸனைத் தம் மோட்டார்த் தொழிற்சாலைக்கே அழைத்துக்கொண்டார். இன்று நம் பட்டறைகளில் 'ஸ்லிப் கேஜ்' என்று பெட்டியில் பூட்டி வைத்திருப்பது இந்தக் கட்டைகளின் சந்ததியே.

பூட்டி வைத்திருப்பது என்றோம். அங்கேதான் நமக்கு வருத்தம். ஆடிட்டர் வருகிற நாளில் வெளியே வந்து, அவர் போனதும் உள்ளே போய்விடுகிற விக்கிரகமாகப் பல இடங்களில் அது இருந்து வருகிறது. விலை உயர்ந்த பொருள். பையன்கள் தொட்டால் துருப்பிடிக்கும் என்று பயம். வாஸ்தவந்தான். ஆனால் பழைய பெட்டி ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கிவிட்டால் என்ன? தினந்தோறும் காலையில் ஒவ்வொரு பையனும் தன் மைக்ரோமீட்டரை முதலில் சுழியிலும், பிறகு ஒரு கட்டையின்மேலும் பார்த்து எண்ணை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கட்டும். இரண்டு நிமிஷம் ஆகும். அந்தக் கட்டையை வருஷத்துக்கொரு முறை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சாலையின் கட்டைகள், 1950 ஜனவரி 21-ந் தேதி புது டில்லியில் திறந்து வைக்கப்பட்ட தேசிய பௌதிகப் பரிசோதனைச் சாலையின் அளவோடு ஒப்பிடப்பட்டவை. அதற்கும் மேலே, 1983-ம் வருஷத்திலிருந்து மீட்டர் என்பது ஒளியின் வேகத்தைக்கொண்டே நிச்சயிக்கப்படுகிறது. ஆகக் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பையன் எழுதுகிற எண், படிப்படியாக ஏறிப் போய் ஒளியில் முடிகிறது. இந்தச் சங்கிலியில் எல்லாக் கண்ணிகளையும் பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசிக் கண்ணி மட்டும் பையன் கையில்.

பெரிய படிப்புப் படித்தவர்களும் கடைசிக் கண்ணியில் எப்படித் தவறினார்கள் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. அம்மையாரின் முதல் கேள்விக்கு அதுவே பதிலாகவும் ஆகும்.

1990 ஏப்ரலில் அமெரிக்கர்கள் ஹப்பிள் தூரதிருஷ்டிக் கண்ணாடியை வானவெளியில் ஏற்றினார்கள். அதன் பிரதானக் கண்ணாடியின் குறுக்களவு 2.4 மீட்டர். அதைப் போல் வழுவழுப்பாய்த் தேய்க்கப்பட்ட கண்ணாடி அதுவரை அரிது. மேலே போய்ப் பார்த்தால் நட்சத்திரங்கள் மங்கலாய்த் தெரிந்தன! கண்ணாடியின் ஓரம் இருக்கவேண்டியதைவிடச் சுமார் 2 மைக்ரான் தட்டையாகத் தேய்ந்திருந்தது. விசாரணைக் கமிட்டி தோண்டித் துருவிப் பார்த்ததில் விஷயம் வெளியாயிற்று. கண்ணாடியின் வடிவத்தைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அந்த லென்ஸை வைக்க ஓர் அளவுக்கோலைப் பயன்படுத்தினார்கள். கோலின் நுனியில் ஒரு மூடி. நடுவிலுள்ள சிறு துளை வழியாக ஒளியைச் செலுத்திக் கோலின் நுனியிலிருந்து அளக்க வேண்டும். மூடியின்மேல் ஒளி திரும்பாதபடி கறுப்புப் பூச்சுப் பூசியிருந்தது. ஓரிடத்தில் அந்தப் பூச்சுக் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஒளி கோலின் நுனிக்குப் போகாமல் மூடியில் பட்டே திரும்பிற்று. அளந்தவர்கள் அதையே கோலின் நுனி என்று கொண்டார்கள்.

இதுவரை நடந்தது கைப்பிசகு, யாருக்கும் நேரக்கூடியது. இதற்குப் பின் நடந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம். கோல் சொன்னபடி லென்ஸை வைக்கப் போனபோது, கருவியில் அதற்கு இடம் போதவில்லை. அவ்வளவு தூரம் லென்ஸ் நகர மறுத்தது. பொருள் தன் வாயால் சாட்சி சொல்லிற்று என்றே சொல்ல வேண்டும். கேட்டார்களா? சாதாரண வாஷர்களைக் கொடுத்து இடத்தை உண்டாக்கிக்கொண்டு, கோல் சொன்ன எண்ணுக்கு லென்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு வேறு இரண்டு கருவிகள் கண்ணாடியில் கோளாறு இருப்பதாகக் காட்டின. அவை நுட்பம் குறைந்தவை, இதுவே நுட்பமானது என்று சொல்லி அந்த எண்களை ஒதுக்கினார்கள். வேலை தாமதமாகியிருந்தது, செலவு மிஞ்சியிருந்தது, அவசரம் நெருக்கிற்று. 1993 டிசம்பரில் ஆட்களை வானவெளிக்கே அனுப்பிச் சரிசெய்ய வேண்டி வந்தது.

எல்லைக்கு வெளியே ஓர் எண் வந்தால் அது ஒரு செய்தி. தண்டு கெட்டிருக்கலாம், கருவி கெட்டிருக்கலாம், அளந்த கை பிசகியிருக்கலாம். எது என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் படத்தில் உள்ள அளவை எழுதச் சொல்வது, வாஷர் வைப்பது போன்ற காரியந்தான். ஆகவே அம்மையாருடைய குமாரன் முதல் நாள் எழுதியது சரி. மறுநாள் முதல் எழுதி வருவது தவறு. ஆனால் தவறு பையனோடு நிற்கவில்லை. மூன்று வாரம் முன்பு வேலைக்கு வந்தவனிடம் தர்மயுத்தம் செய் என்று உபதேசிக்க நமக்கு நா எழவில்லை. மெய்யான எண்ணுக்கு வசவும் பொய்யான எண்ணுக்கு மௌனமும் கூலியாகக் கிடைக்குமானால், அந்தப் பட்டறை தினந்தோறும் ஒரு பயிற்சி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படிப்பைவிட அது ஆழமாகப் பதியும்.

முதலாளிகளுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு குறிப்பு. தங்கள் பட்டறையில் எழுதப்படும் எண்கள் மெய்யா என்று அறிய அவர்கள் யாரையும் ஒளிந்திருந்து பார்க்க வேண்டாம். ஒரு மாதத்துச் சீட்டுகளை எடுத்து, எந்த அளவு எத்தனை முறை வந்திருக்கிறது என்று புள்ளி வைத்தால் போதும். உண்மையாய் அளந்த எண்கள் குன்று போல் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும். எல்லைக்கோட்டருகே புள்ளிகள் குவிந்து கிடந்து, அதைத் தாண்டி ஒன்றுகூட இல்லாமல் சுவரால் அறுத்தது போல் நின்றால், எல்லையைத் தாண்டிய தண்டுகள் எல்லாம் எல்லைக்குள் இழுத்து எழுதப்பட்டன என்று அர்த்தம். அப்போது பையன்களைக் கூப்பிட்டு விசாரிப்பது வீண். எல்லையைத் தாண்டிய துண்டுக்கென்று ஒரு சிவப்புப் பெட்டியை வைத்து, அதில் துண்டைப் போடுகிறவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ஏற்பாடு செய்ய வேண்டும். பயிற்சிக் கூடங்களில் இதை இன்னும் முன்னாலேயே தொடங்கலாம். அளந்து பழகக் கொடுக்கும் துண்டுகளில் கெட்ட துண்டுகளை வேண்டுமென்றே கலந்து வைத்து, கண்டுபிடித்துச் சொல்கிற பையனுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். எல்லாத் துண்டும் சரி என்று எழுதுகிறவனுக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கிவிட்டு, பிற்பாடு தொழிலில் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமா?

பையன் இப்போது என்ன செய்யலாம் என்றால், எல்லையைத் தாண்டிய தண்டைத் துடைத்து, ஆறவைத்து, கருவியைக் கட்டையின்மேல் பார்த்துவிட்டு இரண்டாம் முறை அளக்கட்டும். இன்னொருவரையும் எண்ணைச் சொல்லாமல் அளக்கச் சொல்லட்டும். அதற்குப் பின்னும் எண் மாறாவிட்டால், சீட்டோடு தண்டையும் கையில் எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போய், "அண்ணா, நீங்கள் ஒரு தரம் பாருங்கள்" என்று கருவியை அவரிடமே நீட்டட்டும். எண்ணைப் பற்றி வாதாடுவதைவிட இது மேல். தம் கையால் அளந்து கண்ட எண்ணை மறுப்பதற்கு அநேகருக்கு மனம் வராது. அப்படியும் மனம் வருகிற மேஸ்திரியாக இருந்தால், இரண்டு வருஷம் கற்ற பையனுக்குக் கோயமுத்தூரில் வேறு பட்டறை கிடைக்காமற் போகாது.

மைக்ரோமீட்டர் விஷயம். தாராளமாய் வாங்கிக் கொடுங்கள். 0 முதல் 25 மில்லிமீட்டர் வரை உள்ளது முதலில் போதும். ராட்சட் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். சுழியைச் சரிப்படுத்தும் சிறு சாவி பெட்டியில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளவும். வேலை முடிந்ததும் இரண்டு முகங்களையும் சுத்தமான துணியால் துடைத்து, ஒரு துளி மெல்லிய எண்ணெய் தடவி, முகங்கள் ஒன்றையொன்று தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இறுக்கி மூடி வைத்தால் வெயிலில் எஃகு நீளும்போது ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும்; முகங்களில் துருவும் பிடிக்கும். பெட்டியைச் சட்டைப் பையில் போடக் கூடாது, லேத்தின்மேல் வைக்கக் கூடாது. சிநேகிதர்கள் இரவல் கேட்டால் இரண்டு நிமிஷம் கொடுக்கலாம். திரும்பி வந்ததும் முதல் காரியமாகச் சுழியைப் பார்க்க வேண்டும்.